வலி இல்லை என்று சொன்னவன்

மாடு பார்த்து வாங்குவதில் என்னை ஏமாற்றியவன் தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் கிடையாது, அந்தக் கரையிலும் கிடையாது. பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம், சுழி பார்க்க வேண்டாம். பத்தடி நடக்கவிட்டால் போதும். எத்தனை மூட்டை இழுக்கும், எத்தனை வருஷம் இழுக்கும் என்று சொல்லிவிடுவேன். ஒரே ஒரு தடவைதான் ஏமாந்தேன். அதற்கும் மாடு காரணமில்லை, என் முதல் வண்டியை ஓட்டியவன்தான் காரணம்.

சந்தையில் ஒரு வெள்ளை ஜோடி நின்றது. இன்னொருவன் கை வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நடக்கவிட்டுப் பார்க்காமலே விலை பேசிவிட்டேன். விற்கிறவன் கேட்டுக்கொண்டானென்று காலையில் அந்த ஜோடிக்குத் தண்ணீர் காட்டக் கூட்டிப்போய் வந்தவன் இவன்தான். முடிக்குமுன் இவனைத்தான் கேட்டேன்.

“எப்படிலே இருக்கு?”

“ராசா மாதிரி இருக்கு அண்ணாச்சி.”

மூன்றாம் நாள் சேரன்மாதேவிக்கு இந்தப் பக்கம், நெல் மூட்டையோடு வலது மாடு நடு ரோட்டில் படுத்துவிட்டது. தோளில் பழைய அடி.

“ஏலே, உனக்குத் தெரியாதா?”

“தெரியும் அண்ணாச்சி. தண்ணிக்குப் போகயிலேயே நொண்டிச்சு.”

“பொறவு ஏன்லே சொல்லல?”

“நீங்க அம்புட்டுச் சந்தோசமா நின்னிய.”

ஓங்கிய கையை இறக்க எனக்கு வெகு நேரமாயிற்று. வேறொருவனாக இருந்தால் அன்றைக்கே சாட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருப்பேன். இவனை அனுப்பவில்லை. அனுப்பினாலும் “சரி அண்ணாச்சி, நல்லதுதான்” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறத்தியார் மாட்டுக்கு வைக்கோல் போட்டுத்தான் தொடங்கினேன். அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்தபோது வண்டிக்காரன் பிழைப்பு முடிந்தது என்று ஊரெல்லாம் மாட்டை விற்றார்கள். நான் வாங்கினேன். ரயில் களத்துமேட்டுக்கு வந்து மூட்டை ஏற்றிக்கொள்ளுமா? களத்திலிருந்து ஸ்டேஷனுக்கு யார் கொண்டுபோவது? படித்தவன் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. ரயில் வந்த ஏழெட்டு வருஷத்தில் எனக்குப் பதினெட்டு வண்டி. அந்தப் பதினெட்டுக்கும் முன்னால் போகிற வண்டி இவனுடையது.

அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். நெட்டையான ஆள். ஒருவரிடம் பேசும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். எதிராளி முகம் கொஞ்சம் சுருங்கினாலும் அதைத் தன் கையால் தேய்த்துச் சரிசெய்துவிட வேண்டும் போல அவனுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அரிசி வியாபாரி ஒருவர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது. நான் ஒரு வாய் வைத்துவிட்டு மோர் கேட்டேன். அவன் அந்த அம்மாளைப் பார்த்து “குழம்பு நல்லா இருக்கு” என்று இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய்க் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். அப்புறம் அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் அவனுக்கென்று ஒரு சட்டி குழம்பு தனியாக எடுத்து வைத்திருப்பார்கள்.

அவன் பெண்சாதி முக்கூடல் பக்கத்துப் பெண். அவள் இதற்கு நேர் எதிர். கல்யாணமான மாதம் கீரையைக் கருகவிட்டுவிட்டாள். அவன் ருசித்துச் சாப்பிட்டான். அவள் சட்டியில் விரலைவிட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “இதுவா நல்லா இருக்கு? இனிமே நல்லா இருக்குன்னு சொன்னியன்னா உங்களுக்குச் சோறு கெடையாது” என்று சட்டியோடு கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினாளாம். வண்டிக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

குழம்பை அவள் நக்கிப் பார்க்கலாம். வலியை எங்கே நக்கிப் பார்ப்பாள்?

இப்போது என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் தலையால் பிறப்பார்கள், நான் காலால் பிறந்தவன். காலால் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விலகும், மூச்சுப்பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ஆட்கள் வருவார்கள். குதிகாலில் விளக்கெண்ணெய் தடவி, பிடித்த இடத்தில் வைத்து மூன்று தடவை அழுத்தி எடுப்பேன். குனிந்து வந்தவன் நிமிர்ந்து போவான். ஆறு ஊரில் என் குதிகாலுக்குப் பேர் இருந்தது. ஒரு வெற்றிலை கூட வாங்கியதில்லை.

ஒரு பங்குனியில் அவன் வலது முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம் கண்டது. வண்டியிலிருந்து குதித்தபோது பிசகியிருக்கும் என்றான். நானே கூப்பிட்டுப் படுக்கச் சொன்னேன்.

“இங்கனயாலே?”

“ஆமா அண்ணாச்சி.”

மிதித்தேன். “எப்படி இருக்கு?”

“லேசா இருக்கு அண்ணாச்சி.”

மறுநாளும் மிதித்தேன். சித்திரை பூராவும், முப்பது நாள், வண்டி பூட்டுவதற்கு முன்னால் அவனைப் படுக்கப்போட்டு மிதித்தேன். ஒவ்வொரு நாளும் கேட்டேன், ஒவ்வொரு நாளும் லேசாக இருக்கிறது என்றான். வீக்கம் மட்டும் தேங்காய் மூடி அளவுக்கு வந்துவிட்டது. வலி போய்விட்டது, வீக்கம் பைய வற்றும் என்று கடைத்தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். அவனையே கூப்பிட்டுச் சாட்சி சொல்லவும் வைத்தேன். “அண்ணாச்சி கால் பட்டதுமே போயிரிச்சு” என்று பத்துப் பேர் முன்னால் சொன்னான்.

வைகாசி பிறந்த வாரத்திலேயே அவன் காலை ஊன்ற முடியாமல் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு துரை டாக்டர் இருந்தார். அவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். துரை முழங்காலைத் தொட்டார், தொடையைத் தொட்டார், அடிவயிற்றோரம் தொட்டுப் பார்த்தார். தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, உள்ளே நரம்பு நீலமாக ஓடியது. துரை கேட்டதைப் பக்கத்திலிருந்த கம்பவுண்டர் தமிழில் சொன்னார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், வெள்ளைச் சட்டையும் நிதானமுமான மனிதர்.

“இதை யாராவது தேய்த்தார்களா, அமுக்கினார்களா என்று கேட்கிறார்.”

நான் அவன் பக்கத்தில்தான் நின்றேன். அவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான்.

“இல்லங்க ஐயா. யாரும் தொடல.”

கம்பவுண்டர் வீக்கத்தின் மேல் விரலை வைத்து மூக்குக்குக் கொண்டுபோனார். விளக்கெண்ணெய் வாசம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அவர் என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.

எலும்புக்குள்ளேயே புற்று வைத்திருக்கிறதாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வருவது வேகமாக ஓடுமாம். வருகிற வியாழக்கிழமையே தொடையின் நடுவில் காலை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைக்க ஒரு வழி இருக்கிறது, நாள் கடத்தினால் இல்லை. துரை அவன் தோளில் கை வைத்துச் சொன்னார். அவன் “சரிங்க ஐயா, வந்துருதேன்” என்றான்.

வீட்டில் அவன் அம்மா இருந்தாள். புருஷன் செத்தபிறகு களத்தில் நெல் தூற்றி மகனையும் மகளையும் வளர்த்தவள். “ரெண்டு காலோடல்லா ஒன்னப் பெத்தேன், எய்யா” என்று அவன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைத் தூக்கி உட்காரவைத்து, “வெட்ட வேண்டாம்னு துரைகிட்டச் சொல்லிட்டேன் அம்மா” என்றான்.

வியாழக்கிழமை அங்கே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். நான் அவனிடம் கேட்கத்தான் செய்தேன்.

“ஏன்லே போகல?”

“போவேன் அண்ணாச்சி. அம்மா மனசு கொஞ்சம் ஆறட்டும்.”

கழுத்தைப் பிடித்துத் தள்ளி வண்டியில் ஏற்றியிருக்கலாம். பதினெட்டு வண்டி வைத்திருந்தவனுக்கு அது பெரிய காரியமில்லை. செய்யவில்லை. கால் போகாமல் அவன் எழுந்து நடந்தால் அது என் குதிகாலுக்குத்தான் பேர் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. துரை கேட்டது தேய்த்ததைப் பற்றி, அமுக்கியதைப் பற்றி. நான் மிதித்தேனே தவிரத் தேய்க்கவில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன்தான் தினமும் லேசாக இருக்கிறது என்றானே.

புரட்டாசியில் இருமல் வந்தது. இருமினால் துணியில் ரத்தம். மறுபடியும் பாளையங்கோட்டைக்குப் போனோம். இந்தத் தடவை துரை அவன் காலைக்கூடப் பார்க்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கம்பவுண்டர் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

“நெஞ்சுக்குப் போய்விட்டது. இனிக் காலை எடுத்துப் பயனில்லை. இரண்டு மாதம். கூடினால் இன்னும் சில நாள்.”

நான் வண்டிக்குத் திரும்பினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி சேரன்மாதேவியைத் தாண்டியது. அப்புறம் சொன்னான்.

“அம்மாட்ட நீங்க பைய சொல்லிருங்க அண்ணாச்சி. அவகிட்ட மட்டும் வேண்டாம். முழுகாம இருக்கா.”

அந்த வீடு எப்படிக் கரைந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அம்மாக்காரி அழுவதற்கென்று மாட்டுத்தொழுவத்துக்குப் போவாள், முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். வாந்தித் துணியையும் ரத்தத் துணியையும் பெண்சாதி வயிற்றைச் சாய்த்துக்கொண்டு ஆற்றில் துவைப்பாள். படித்துறையில் மற்றப் பெண்கள் எட்ட நின்று தண்ணீர் எடுத்தார்கள். தங்கச்சிக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், புற்று வந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்து அழுதபோது கட்டிலில் கிடந்தபடி இவன் சொன்னான்: “ஏட்டி, அந்தப் பய குடிகாரனாம். நாந்தான் வேண்டாம்னு சொல்லி அனுப்புனேன்.” அவள் நம்பினாள். ஒரு மாதம் அவனோடு பேசாமலும் இருந்தாள். தன்னைக் கெட்டவனாக்கிக்கொண்டு அவன் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பெண்சாதியிடம் சொன்னது வேறு. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, மழைக்காலம் போனால் சரியாகிவிடும் என்று துரை சொன்னதாகச் சொன்னான். கால் வலி குறைந்துவிட்டது என்றான். அவள் அந்தக் காலுக்குக் கீழே தலையணை வைக்கும்போது அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். “புழுக்கமா இருக்கு” என்பான். ஐப்பசி மழை கூரையில் கொட்டிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு ஏழு மாதம் ஆயிற்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மாசமாக இருக்கிறவள் சாவு வீட்டில் இருக்கக்கூடாது, அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவன் அம்மா என்னிடம் வந்து நின்றாள். “அவளச் சீக்கிரம் அனுப்பிருவோம் அண்ணாச்சி. அவளாவது நல்லா இருக்கட்டும்.” அவனும் அதையே நினைத்திருந்தான். ஆனால் அவள் போகமாட்டேன் என்றாள். இவரை இப்படிப் போட்டுவிட்டு எப்படிப் போக? அவன்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தான். தை பிறந்ததும் எழுந்துவிடுவேன், அண்ணாச்சி வண்டியில் முக்கூடலுக்கு வந்து பிள்ளையைப் பார்ப்பேன் என்றான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். போனால் அவள் அவனை மறுபடி உயிரோடு பார்க்கப்போவதில்லை என்பது அவளைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கார்த்திகை மாதம் நாள் குறித்தார்கள். அவள் அப்பா வந்தார். வண்டி நான் கொடுத்தது, மழைக்குப் புதுப் பாய் போட்டுக் கூண்டு கட்டிய வண்டி, என்னிடமிருந்த நல்ல ஜோடி மாடு. கை நிறைய வளையலோடு அவள் உள்ளே துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வழியனுப்ப அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். நான் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு ஆள், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கிறவன், தன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். பிள்ளைக்குப் பத்து வயதிருக்கும்.

“அண்ணாச்சி இங்கன இருக்காவன்னு கடையில சொன்னாவ. பிள்ள வழுக்கி விழுந்துட்டா. இருவது நாளாச்சு, முட்டு வீக்கம் வத்தல. ஒரு மிதி மிதிச்சு விட்டியன்னா போதும்.”

சபையில் நாலு பேர் முன்னால் கேட்டால் எனக்கு எப்போதும் பிடிக்கும். எழுந்தேன். பிள்ளையைப் பாயில் படுக்கவைக்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றினேன். அவன் அம்மாவிடம் கொஞ்சம் விளக்கெண்ணெய் கேட்டேன். அவள் எடுத்து வந்து கொடுத்தாள். பிள்ளை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, மிதிக்காதீங்க.”

கட்டிலிலிருந்து அவன்தான் சொன்னான். எனக்கு முதலில் விளங்கவில்லை.

“என்னலே?”

“எனக்கு வலிச்சுது அண்ணாச்சி.”

“எப்ப?”

“எல்லா நாளும். முப்பது நாளும் வலிச்சுது. நீங்க கால எடுத்த பொறவு இன்னும் வலிச்சுது. லேசா இருக்குன்னது சும்மா.” இருமல் வந்தது. துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு அந்த ஆளைப் பார்த்தான். “மிதிக்க விடாதீரும். இன்னைக்கே பாளையங்கோட்டைக்குக் கொண்டு போரும்.”

என் குதிகாலில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் என்னை அப்படி யாரும் சொன்னதில்லை, அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

“அன்னைக்கே சொல்லுறதுக்கென்னலே?”

“உங்க மொகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?”

அவன் இதைச் சொன்னபோது அவள் மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்கட்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. மூட்டையைக் கீழே வைத்தாள்.

“அப்போ எங்கிட்டச் சொன்னது?”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“சளின்னு சொன்னிய. கால் வலி போயிரிச்சுன்னு சொன்னிய. தை பொறந்ததும் வாரேன்னு சொன்னிய.”

அவன் வாயைத் திறந்தான். அவளுடைய முகத்தைத் தேடுகிற அந்தப் பார்வை வந்துவிட்டது. இன்னொரு பொய் வருகிறது என்று எனக்கே தெரிந்தது. அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“மொகந்தெரியாத பிள்ளைக்கு நெசத்தச் சொன்னியல்லா. எனக்கும் அதே மாதிரி சொல்லுங்க.”

அவள் அப்பா, “ஏட்டி, நல்ல நேரம் போவுது” என்று குறுக்கே வந்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தைப் பார்க்காமல் இருந்தால்தான் அவனால் சொல்ல முடிந்தது.

“தை வரைக்கும் இருக்க மாட்டேன்.”

அவன் அம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெண்சாதி அழவில்லை. வாசலுக்கு வந்து வண்டிக்காரனிடம், “என் பெட்டிய எறக்கிரும்” என்றாள்.

“மாசமா இருக்கவ இங்க இருக்கக் கூடாதுட்டி” என்றார் அப்பா.

“இருந்துக்கிடுதேன்.”

“ஊரு என்ன சொல்லும்?”

“நெசத்தச் சொல்லட்டும், அது போதும்.” கொடிக்கால்காரனைப் பார்த்து, “அண்ணே, பிள்ளைய வண்டியில ஏத்துங்க” என்றாள்.

என் வண்டி, என் மாடு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதுப் பாய் போட்ட கூண்டுக்குள் அந்தப் பிள்ளையைப் படுக்கவைத்து வண்டி கிளம்பிப் போயிற்று. நான் குதிகாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டான்:

“கோவமா அண்ணாச்சி?”

“ஆமாலே” என்றேன்.

கோபம்தான். பாடை தூக்குகிற வரைக்கும் அது போகவில்லை. அந்தப் பிள்ளைக்கு முட்டில் சீழ் கட்டியிருந்ததாம், கீறி எடுத்துக் கட்டுப்போட்டார்கள், அடுத்த நெல்லறுப்புக்குள் ஓடியாடத் தொடங்கிவிட்டது. நான் அப்புறம் யாரையும் மிதிக்கவில்லை. வந்தவர்களிடம் காலில் ஆணி என்று சொன்னேன். ஆறு ஊர்ப் பேர் போனது போனதுதான். அவன் பெண்சாதி தாய்வீட்டுக்குப் போகாமலே அந்த வீட்டிலேயே பெண் பிள்ளை பெற்றாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் இருந்தது அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். கோபத்தை வைத்துக்கொண்டே மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். தெரு முனையிலேயே அவன் குரல் கேட்டது. அத்தனை மாதமும் வாயைத் திறக்காதவன் அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்குக் கேட்கும்படி முனகிக்கொண்டிருந்தான். வாசலில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

“வலிக்குதுட்டி.”

“எங்கன?”

“இங்கன.”

“இங்கனயா?”

“இல்ல. கொஞ்சம் கீழ.”

உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.